அறுக்காமல் விட்ட பிரேம்

1

என் மகள் ஷைனியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். தைவானுக்கு வந்து பதினோரு வருஷமாகியும் இந்தக் கூட்டத்துக்குப் போவதென்றால் மட்டும் எனக்குப் பயம். வகுப்பாசிரியை பேசுவதில் பாதி புரியும். மீதிப் பாதிக்குச் சிரித்து வைப்பேன். போன வருஷம் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார், நான் முகம் மலர நன்றி சொல்லிவிட்டு வந்தேன். "கணக்குல நான் ரொம்ப மோசம்னு சொன்னாங்கப்பா, அதுக்கா தேங்க்ஸ் சொன்ன?" என்று மகள் வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். மூன்று வயதில் தூத்துக்குடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. இப்போது பதினாலு. அவளுடைய தமிழ் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும்தான் போதும்.

இந்த முறை என் மனைவி மெர்சிக்கு வேலை இருந்ததால் நான் தனியாகப் போனேன். வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் கட்டுரைகளை ஒட்டியிருந்தார்கள். ஷைனியுடையது நடுவில் இருந்தது. ஆசிரியை என்னை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு என்னவோ சொன்னார். அவர் கண் கலங்கியிருந்ததால் இந்த முறை நான் சிரிக்கவில்லை.

சீன எழுத்தில் எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைப் பலகைகளில் இருக்கிற அளவுதான். அந்தக் கட்டுரைக்கு அது போதுமானதாக இருந்தது. பெரியப்பா. சைக்கிள். லாரி. கவனம் இல்லாத. இறந்தார். மிச்சத்தை ஆசிரியை விரலை வைத்து மெதுவாக வாசித்துக் காட்டினார். என் அப்பா உறுதியான சைக்கிள் செய்கிறவர். என் பெரியப்பாவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தார். கவனம் இல்லாத ஒரு லாரிக்காரர் அவரை இடித்துக் கொன்றுவிட்டார். அந்த ஆளை நான் மன்னிக்க மாட்டேன்.

எழுத்து அவ்வளவு அழகு. பிழை ஒன்றுகூட இல்லை என்றார் ஆசிரியை.

அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னவன் நான். அடுத்த மாதம் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த ஒரு வருஷத்தில் நான் சொன்ன கதை தூத்துக்குடியில் ஒரு போலீஸ் காகிதமாகவும், இங்கே ஒரு பள்ளிக்கூடச் சுவரில் கட்டுரையாகவும் ஆகியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் எடுத்தேன்.

2

கார்பன் சைக்கிள் என்றால் ஊரில் கார்பன் பேப்பரைத்தான் நினைக்கிறார்கள். அண்ணனே கேட்டான்: "ஏலே, மழையில நனைஞ்சா கரஞ்சிராதா?" அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இது தெரியாமல் மற்றது புரியாது.

மயிரிழையைவிட மெல்லிய கரி நூல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, பிசின் ஏற்றி, துணிபோலச் சுருட்டி வைத்திருப்பார்கள். வெளியே கிடந்தால் பிசின் இறுகிவிடும் என்று குளிர்பெட்டியில் வைப்பார்கள். நான் அதைக் கரித்துணி என்று சொல்லிக்கொள்வேன். இயந்திரம் அதை முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்டும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு, ஒட்ட வேண்டிய இடம் உண்டு, நூல் ஓட வேண்டிய திசை உண்டு. நெடுக ஓடுகிற நூல் மிதிக்கிற மிதியைத் தாங்கும். சாய்வாக ஓடுகிற நூல் முறுக்கைத் தாங்கும். ஒரு துண்டு திசை மாறினால் அந்த இடம் வெறும் தகடுதான்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே பலூன் வைத்த அச்சின்மேல் இந்தத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். பிறகு அதை இரும்பு வார்ப்புக்குள் வைத்து மூடி, சூடேற்றி, பலூனுக்குள் காற்றை அடிப்பார்கள். காற்று உள்ளிருந்து தள்ள, பிசின் இளகி, அத்தனை துண்டும் ஒரே உடம்பாக இறுகும். இரும்பு சைக்கிள் உடைவதற்கு முன் வளைந்து காட்டும். கார்பனில் அப்படி ஒன்றும் காட்டாது, அதனால் அந்த ஒட்டுதலில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒவ்வொரு துண்டின் முதுகிலும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய நீலத் தாள் இருக்கும். ஒட்டும் முன் உரித்துவிட வேண்டும். உரிக்காமல் ஒட்டினால் மேலே பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே இரண்டு அடுக்கும் ஒன்றை ஒன்று தொடவே தொடாது. அதனால் ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் ஒரு பெட்டி உண்டு. உரித்த தாள் அதில் விழ வேண்டும். வேலை முடிந்ததும் எண்ணுவார்கள். ஒரு தாள் குறைந்தால் செய்த பாகத்தைப் பிரிப்பார்கள், பிரிக்க முடியாவிட்டால் எறிவார்கள்.

வந்த புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. நான் தருவைகுளத்தில் பைபர் படகுப் பட்டறையில் வேலை பழகியவன். அங்கே வாளியில் பிசின், கையில் பிரஷ், கண்ணால் அளவு. ஒழுகினால், விரிசல் விட்டால், முதலாளி திட்டினால், எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இன்னொரு லேயர் அடிச்சா சரியாப் போவும்."

இங்கே என் வேலை சோதிப்பது. முடிந்த பிரேமை நாணயத்தால் தட்டிக்கொண்டே போவேன். கணீர் என்றால் நல்லது. எங்கேயாவது சத்தம் மொத்தையாக விழுந்தால் உள்ளே அடுக்கு சேரவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ரம்பத்தில் மூன்று இடத்தில் அறுத்துவிட்டு, அறுத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அறுப்பது.

3

அண்ணன் ஜெபராஜ், பி.டி. வாத்தியார். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் விசில் ஊதியவன். அப்பா போன பிறகு என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தவன் அவன்தான். சனிக்கிழமை தவறாமல் விடிந்ததும் கிளம்பி, கடற்கரைச் சாலையில் வேம்பார் வரை மிதித்துப் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்புவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்பதால் சனிக்கிழமை. ஆள் கனம். வண்டி பழைய இரும்பு.

என்னிடம் அவன் எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை போனில், "நீ செய்யுத வண்டிய ஒரு தடவ தொட்டாவது பாக்கணும்டே" என்றான். அது எனக்குள் கிடந்தது.

அந்த மாதம் ஒரு பிரேம் வந்தது. அளவு அவனுக்கென்றே செய்ததுபோல. ஹேண்டில் இறங்குகிற கழுத்துக்குக் கீழே, கீழ்க்குழாயில் உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் மொத்தையாக விழுந்தது. அறுக்க வேண்டியது. எங்கள் பிரிவுத் தலைவி ஆ-மெய்யிடம் போய், "அண்ணனுக்காக" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் பதிவேட்டைத் தள்ளினாள். "அறுத்ததாகக் கையெழுத்துப் போடு. நான் இப்போது சாப்பிடப் போகிறேன்" என்றாள். போட்டேன். அது முதல் பொய்க் கையெழுத்து.

வீட்டு பால்கனியில் வைத்து அந்த இடத்தைத் தேய்த்து எடுத்தேன். நாலு துண்டு கரித்துணி வெட்டி மேலே ஒட்டினேன். பிளாஸ்டிக் பை கட்டிக் காற்றை உறிஞ்சி, சூட்டுத் துப்பாக்கியால் சுட்டேன். பெட்டி வைக்கவில்லை. நாலே நாலு துண்டு, இதற்குப்போய் யார் எண்ணுவார்கள்? தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் என் கை தருவைகுளத்துக் கையாகிவிட்டது. உரித்த தாள்கள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு பால்கனியில் கிடந்தன. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

ஆறியதும் பெயிண்ட் அடித்துத் தட்டினேன். மொத்தைச் சத்தம்.

ஒட்டுப்போட்ட இடம் தடிப்பாக இருக்கும், பெயிண்ட் வேறு, சத்தம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மேஜையில் வேறு எவனாவது இதைச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். என் வீட்டில் நான் சொன்னதால் நம்பினேன்.

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்து, பிரேமை ஒரு விரலில் தூக்கிப் பார்த்தார். வண்டியா, வண்டி பாகமா, விளையாட்டுச் சாமானா என்று அவருக்கும் அவர் மேலதிகாரிக்கும் ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் பிளாஸ்டிக் குழாய் என்று எழுதி அனுப்பினார்கள். அண்ணனும் அதே மாதிரி ஒரு விரலில் தூக்கித் தெருவுக்கே காட்டினான். "எங்க தம்பி செஞ்சது" என்றான். நான் எதையும் செய்வதில்லை, மற்றவர்கள் செய்ததைத் தட்டிப் பார்க்கிறவன் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னான். அந்த வண்டியில் நான் என் கையால் செய்தது அந்த ஒட்டு மட்டும்தான்.

ஊர்க் கடையில் சக்கரமும் ஹேண்டிலும் பூட்டி எட்டு மாதம் ஓட்டினான்.

4

மதினி எஸ்தர்தான் போன் செய்தாள். நான் வேலையில் இருந்தேன். "தம்பி, அண்ணன லாரி அடிச்சிட்டு" என்றாள். லீவுக்கு மூன்று படிவம், வெளிநாட்டுக்காரன் திரும்பி வருவதற்கு இன்னொரு படிவம். காரணம் என்ற கட்டத்தில் அண்ணன் என்று எழுத வேண்டும். அதற்குச் சீனத்தில் எந்தச் சொல் என்று தெரிந்தும் பக்கத்திலிருந்தவனிடம் எழுதி வாங்கினேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கடற்கரைச் சாலைக் காவல் நிலையத்தில் கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க சைக்கிள் கம்பெனியில இருக்கியளாம்லா. வண்டி நல்ல கண்டிஷன்ல இருந்துச்சின்னு ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்தியன்னா கேஸ் நிக்கும் சார். லாரிக்காரன் நான் தொடவே இல்லங்கான். ஆனா சைக்கிள்ல அவன் லாரி பெயிண்ட் இருக்கு. போதாததுக்கு ஒடஞ்ச சைக்கிளத் தூக்கி லாரியில வச்சிருக்கான். மறைக்கத்தான வச்சிருப்பான்?"

பின்பக்கம் பிடித்து வைத்த பைக்குகளுக்கு நடுவில் அது கிடந்தது. முன்சக்கரமும் ஹேண்டிலும் தனியாகக் கழன்று கிடந்தன. கழுத்துக்குக் கீழே, என் ஒட்டு இருந்த இடத்தில் உடைந்திருந்தது.

கார்பன் இடிபட்டு உடைந்தால் நூல்நூலாகப் பிய்ந்து துடைப்பம்போல நிற்கும். இது அப்படி இல்லை. என் ஒட்டு அப்படியே தோலாக உரிந்து வந்திருந்தது. அடியில் வழவழவென்று பளபளத்தது. ஓரத்தில் தபால் தலை அளவுக்கு நீலத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலில் ஒன்றை நான் உரிக்கவே இல்லை.

லாரி இடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்து ஒடிந்து அண்ணன் விழுந்திருக்கிறான். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை, அந்த நிமிஷத்திலும் இல்லை.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ரைட்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தாளை நகத்தால் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே வந்து, வண்டி நல்ல நிலையில் இருந்தது, பலமாக இடிபட்டதால் உடைந்திருக்கிறது என்று எழுதி, பதவி, தொழிற்சாலை, அனுபவம் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். ரைட்டர் டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது மதுரை விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியில் தாளைப் போட்டேன்.

ஏன் என்று கேட்டால், பயம். வேலை போய்விடும், விசா போய்விடும், பிள்ளையின் படிப்பு போய்விடும் என்று பட்டியல் போட்டுக்கொண்டேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் மதினி என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்பதுதான் பெரிய பயம்.

5

இந்த முறை ஊருக்கு வந்ததும் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் வேம்பாருக்குப் பஸ் ஏறினேன். லாரிக்காரருக்கு அந்த ஊர்தான், பெயர் மாரியப்பன். ஐம்பது வயதிருக்கும். லைசென்சை வாங்கி வைத்துவிட்டார்கள். முன்பு தான் ஓட்டின லாரியிலேயே இப்போது உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"திட்டணும்னா திட்டிட்டுப் போங்க சார். இங்கன எல்லாரும் பாத்துட்டுதான் இருக்கானுவ, எனக்கு அது பழகிட்டு" என்றார்.

திட்ட வரவில்லை, நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லாத எடமில்ல. எனக்கு முன்னால நூறடி தள்ளிப் போய்ட்டிருந்தாங்க. நல்ல ரோடு. குழியில்ல, ஒண்ணுமில்ல. டப்புன்னு ஒரு சத்தம். தலகுப்புற விழுந்தாங்க. நான் பிரேக்கப் போட்டு எறங்கி ஓடுனேன். ஓடுனது தப்பு சார். நிக்காம போயிருந்தா இன்னைக்கு நான் ஸ்டியரிங் புடிச்சிட்டிருப்பேன்."

"சைக்கிள ஏன் லாரியில ஏத்துனீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதத்தான் எல்லாரும் கேக்காவ. சொன்னேன். சிரிச்சானுவ. இனிமே அதச் சொல்லுததா இல்ல" என்றார். மூட்டைக்குத் திரும்பிவிட்டார்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பஸ் வந்துவிட்டது என்று அவரிடமே பொய் சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் அவர் மூட்டை தூக்குவதை ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

ஞாபகார்த்த ஜெபக்கூட்டம் முடிந்து, வந்தவர்கள் போய், வாடகை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையில் மதினியிடம் சொன்னேன். அவள் மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளும் டீச்சர்தான். பதிவேடு, பால்கனி, தாள், குப்பைத் தொட்டி, எதையும் விடவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.

"லாரி இடிக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி."

"ஒரு வருஷமா அந்த ஆளு நாசமாப் போவணும்னு ஜெபம் பண்ணியிருக்கேன் தம்பி. தினமும். மொழங்கால் போட்டு." பேனாவை மூடினாள். "எழுதிக் குடுத்துட்டு வாங்க."

கேஸ் நடக்கிற விளாத்திகுளத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தாளும் இல்ல, ஒண்ணுமில்ல. ஒங்க பேச்சு மட்டும்தான். மொத வாக்குமூலம் பொய்யின்னு நீங்களே சொன்னா ஒங்க மேலயும் கேஸ் வரும். மதினியோட நஷ்டஈட்டு மனுவும் விழுந்திரும். யோசிச்சுத்தான் வந்தியளா?" என்றார். உடைந்த இடமே சாட்சி, இந்தத் தொழில் தெரிந்த யார் பார்த்தாலும் சொல்லுவார்கள் என்றேன். ஆறு பக்கம் எழுதினேன். ஆ-மெய்யின் பெயரை எழுதவில்லை, அது என் கையெழுத்து மட்டும்தான். காவல் நிலையத்தில் அதே ரைட்டர் வாங்கி வாசித்தார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. கோர்ட்டில் என்ன ஆகும் என்று இதை எழுதும் வரை தெரியாது. தொழிற்சாலைக்கும் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டேன் என்றதும் மதினி ஒன்றுதான் சொன்னாள். "அந்த அண்ணாச்சிய நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

மாரியப்பன் வரமாட்டேன் என்றார். வேம்பாரில் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தூத்துக்குடி வரை இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து வந்தார். வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பை ரொம்ப நேரம் ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

மதினி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்க கடைசியா ஏதாவது பேசினாங்களா?"

"பேசினாங்கம்மா. தண்ணி குடுத்தேன், ரெண்டு மடக்கு குடிச்சாங்க. தல என் மடியிலதான் இருந்திச்சி." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "வண்டி ரோட்டுல கெடக்கு, வேற லாரி ஏத்திருவான், எடுத்து உள்ள வைங்க அண்ணாச்சின்னாங்க. எங்க தம்பி செஞ்சதுன்னாங்க. நானும் இன்னொருத்தனுமா தூக்கி வச்சோம். அப்போ ஒரசுன பெயிண்டுதான். வச்சாச்சான்னு கேட்டாங்க. வச்சாச்சி சார்னேன். அம்புட்டுதாம்மா. வேற ஒண்ணும் சொல்லல."

"சொன்னா யாரு நம்புவா" என்றார் பிறகு.

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். மதினி அழுவாள், கத்துவாள், என்னை வெளியே போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கை கழுவுங்க அண்ணாச்சி. சாப்பிட்டுத்தான் போவணும்" என்றாள்.

உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். சோறு போட்டாள், மீன் குழம்பு ஊற்றினாள், அவர் போதும் போதும் என்ற பிறகும் இன்னொரு துண்டு வைத்தாள். அவர் தயங்கித் தயங்கி என்னைப் பார்த்தார். "சாருக்கு?" என்றார்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் மதினி.